பொட்டு வைத்த கத்திகள்

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

1950களில் ஓசூர் மரப்பட்டறை ஒன்றில் இழைப்பு மெஷின் என் பொறுப்பு. பூஜைக்கு முந்தின நாள் அதன் மூன்று கத்திகளையும் கழற்றிச் சாணை பிடித்து மாட்டினேன். உயரம் சரிபார்க்கும் வரை போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைப்போம். பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்குவோம்.

பூஜையன்று நானே கத்திகளுக்குக் குங்குமம் வைத்தேன். மறுநாள் வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. திரும்பினால், கூட வேலை செய்யும் மத்திகிரி அந்தோணி ஸ்பேனரோடு கத்திகளின் மேல் குனிந்திருக்கிறான்.

"சாமிக்கு வெச்சதுல கைய வெக்கறியா? உங்க கோயில்ல நான் இப்பிடிப் பண்ணா சும்மா வுடுவியாடா?"

கேட்டுக்கொண்டே அறைந்துவிட்டேன்.

அவன் என் கையை இழுத்து ஒரு போல்ட்டின் மேல் வைத்தான். "திருகிப் பாருங்கண்ணா."

விரலுக்கே சுழன்றது. ஒரு கத்தியை நான் இறுக்கவே இல்லை. மறுநாள் காலையில் மெஷினை ஓட்டியிருந்தால் அது பறந்து என் மேலேயே பாய்ந்திருக்கும்.

"வாயால சொல்றதுக்கென்ன?" அப்போதும் கத்தினேன். வெட்கங்கெட்ட கோபம்.

"தொடைக்கறப்பவே பாத்துட்டு மூணு தடவ சொல்ல வந்தேன். பூஜை நேரத்துல பேசாதேன்னு தொரத்துனீங்க."

சொல்லிவிட்டு இறுக்கி முடித்தான். பிறகு குங்குமக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான்.

"பொட்டு அழிஞ்சிருச்சுண்ணா. நீங்களே வெச்சிருங்க."

அவன் கன்னத்தில் என் குங்கும விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன. அந்தக் கையால் மறுபடி கிண்ணத்தைத் தொட எனக்குக் கூசியது.