பஸ் பவர் போதவில்லை

கல்லூரியின் கடைசி வருட ப்ராஜெக்டை மதியம் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். முதல் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்தி, சயான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்தால் போதும். கோப்பு மொத்தமும் பென் டிரைவில் இருந்தது. என் லேப்டாப்போ அப்படி ஒன்று செருகப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸை ஏற்றியதும் நான்தான். அதனால் பதறவில்லை. கட்டளை அடித்து, அது தனக்குள் என்ன புலம்புகிறது என்று படித்தேன்.

"என்னட்டி சொல்லுது?" என்றார் அப்பா. தோல் பைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"பஸ் பவர் போதலையாம்ப்பா."

"சயான் பஸ்ஸா? இன்னைக்கு பந்த்தா?"

"அந்த பஸ் இல்லப்பா. கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் போற வழிக்கும் பஸ்னுதான் பேரு."

"உள்ளயும் பஸ் ஓடுதா! அதுலயும் கூட்டமா?"

கூட்டம்தான். லேப்டாப்பில் உருப்படியாக இருந்தது ஒரே துளை. அதில், ஒரு துளையை நாலாக்கும் ஹப். ஹப்பில் அப்பாவின் போன், அம்மாவின் குட்டி மின்விசிறி, அம்மன் படத்து மின்விளக்கு, கடைசியாக என் பென் டிரைவ். படத்துக்குக் கீழேயே பசை டின்கள் இருந்ததால் எண்ணெய் விளக்கு கூடாது. வீட்டின் ஒரே பிளக்கை லேப்டாப் சார்ஜர் பிடித்திருந்தது. பேட்டரி செத்துப்போனதால் சார்ஜரை எடுக்கவும் முடியாது. இந்த ஏற்பாட்டைச் செய்து சந்துக்கே காட்டிப் பெருமைப்பட்டவளும் நான்தான்.

போனையும் விசிறியையும் பிடுங்கிப் பார்த்தேன். பலனில்லை. ஹப்பையே கழற்றிவிட்டு பென் டிரைவை நேராகச் செருக வேண்டும். கையை வைத்தேன்.

"தொடாதட்டி!" பாத்திரத்தைப் போட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். "ஒரு மண்டலம் அணையாம எரிய வைக்கேன்னு நேந்திருக்கேன். இன்னைக்கு நாப்பத்தோராவது நாளு!"

"எதுக்கும்மா நேந்த?"

"நீ பாஸாவணும்னுதான்."

மணி பத்தரை. மூவரும் அம்மனைப் பார்த்தோம். அப்பாதான் பசைக்கையோடு வழி சொன்னார்.

"கோயில்ல அலங்காரம் பண்ணத் திரை போடுதாங்கல்லா? அப்ப உள்ள என்ன நடக்குன்னு எவன் பாத்தான்?"

அம்மா யோசித்தாள். பிறகு கொடியில் கிடந்த என் துப்பட்டாவை எடுத்து, படத்துக்கு முன்னால் இரு கையாலும் விரித்துப் பிடித்தாள். "ம், ஜல்தி."

ஹப்பை உருவினேன். பென் டிரைவ் கண் சிமிட்டியது. பிழையைத் திருத்திச் சேமித்து, பென் டிரைவை முறைப்படி விடுவிக்கக் கட்டளை கொடுத்தேன். மறுத்துவிட்டது.

"இப்ப என்னவாம்?"

"பிஸியா இருக்காம்ப்பா."

"வரும்போதும் மொறப்பு, போவும்போதும் மொறப்பு. மருமவன்லா வந்திருக்காரு!"

"சும்மா காலி-பீலி பேசாதீங்க, கை கடுக்கு" என்றாள் அம்மா, திரைக்கு மேலாக.

காரணம் பிடிபட இரண்டு நிமிடமானது. பென் டிரைவின் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டேதான் நான் கட்டளை அடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்து வைத்திருந்தது நானேதான். இதை அவர்களிடம் சொல்லவில்லை. சத்தமில்லாமல் ஃபோல்டரை விட்டு வெளியே வந்தேன். அதுவும் வந்தது.

ஹப்பைச் செருகினேன். விளக்கு எரிந்தது. அம்மா திரையை விலக்க, அப்பா பசைக்கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சயானில் பிரிண்ட் எடுத்து, அட்டை போட்டு, பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ப்ராஜெக்டைக் கல்லூரி அலுவலக மேசையில் வைத்தேன். அங்கிருந்தவர் அதைத் திறக்கக்கூட இல்லை. பின்னட்டையில் முத்திரை குத்தி, ஆளுயரக் குவியலின் மேல் எறிந்தார்.

"ஒருதடவை முதல் பக்கத்தைப் பாருங்க சார்" என்று இந்தியில் கெஞ்சினேன்.

"ஏன், அதில் ஏதாவது தப்பா?" என்றார்.