சின்யோரா கொரில்லா பார்க்கப் போன கதை

தொண்ணூற்றைந்தில் நான் பலேர்மோவில் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். சின்யோரா என்று கூப்பிடுவேன். விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அறுபது தாண்டிய தனியாள். ஒரு நாள் காலை மேசையைத் துடைக்கப் போனபோது அதில் ஆப்பிரிக்க வரைபடம் ஒன்று விரிந்து கிடந்தது.

“அதை எடுக்காதே. மலைக் கொரில்லா பார்க்கப் போகிறேன்,” என்றார்.

விரலை வைத்துக் காட்டினார். ருவாண்டா, உகாண்டா, இப்போது கொங்கோ எனப்படும் சயீர் மூன்றும் ஓர் எரிமலைத் தொடரில் வந்து முட்டுகின்றன. கொரில்லாக்களில் ஒரு பகுதி அங்கே. மற்றப் பகுதி உகாண்டாவில் தனியாக இருக்கும் ஒரு காட்டில். எல்லாம் சேர்த்தாலும் சில நூறுதானாம்.

“எல்லையைக் கடந்து போனால் எந்த நாட்டுக் கணக்கில் வரும்?” என்று கேட்டேன்.

சின்யோரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நல்ல கேள்வி. அவை ஒவ்வொரு இரவும் இலைகளை வளைத்துப் புதுப் படுக்கை செய்யும். அந்தப் படுக்கைகளைத்தான் எண்ணுவார்கள்.”

“அடுத்த நாள்?”

“வேறு படுக்கை.”

அன்று வீடு கூட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். “உவவுக்கு விசரே? போன வருசம்தானே ருவாண்டாவிலை சனத்தை வெட்டிக் கொன்றவங்கள்,” என்றார்.

“ஓம், அதுதான் எந்தப் பக்கத்தாலை ஏறுறது எண்டு யோசிக்கிறா.”

“அதுக்கு நீ ஏன் யோசிக்கிறாய்?”

ஆனாலும் சனிக்கிழமை பல்லரோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனபோது, அருகே தலைமுடி பின்னும் கடை வைத்திருந்த சயீர்க்காரியிடம் போய் நின்றேன். அவள் அந்த எரிமலைகளின் அடிவாரத்து ஊர்க்காரி என்று முன்பே சொல்லியிருந்தாள்.

“எங்கள் பக்கம் வேண்டாம் என்று சொல். அடிவாரம் முழுக்க அகதி முகாம். காட்டுக்குள் துவக்கோடு ஆட்கள்,” என்றாள். அரைகுறை இத்தாலியனில்தான் சொன்னாள். துவக்கும் முகாமும் கண்டு வந்த எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

“நீ கொரில்லா பார்த்திருக்கிறாயா?”

“இல்லை. மலை எங்கள் முற்றத்திலிருந்து தெரியும். கொரில்லா பார்க்கிறவர்கள் பிளேனில் வருவார்கள்.”

அடுத்த கிழமை அவளைச் சின்யோராவிடம் கூட்டிப் போனேன். இருவரும் வரைபடத்தின் மேல் குனிந்துகொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். எரிமலைப் பக்கத்தை விட்டு, உகாண்டாவின் தனிக்காடு என்று முடிவானது.

புறப்பட ஐந்து நாள் இருக்க, சின்யோராவுக்குத் தடிமனும் இருமலும் பிடித்தது. இருமுகிறவர்களைக் கொரில்லாவுக்குக் கிட்ட விடமாட்டார்கள். மனிதரின் தடிமன் அவற்றைக் கொன்றுவிடக்கூடும். மனிசி கண் கலங்கிவிட்டார். நான் மல்லியும் இஞ்சியும் மிளகும் போட்டு அவித்து, நாளுக்கு மூன்று தரம் குடிக்கக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மல்லித்தண்ணியோ தானாகவோ, போகும்போது இருமல் இல்லை.

மூன்று கிழமை கழித்து முழங்காலில் காயத்தோடு வந்தார். நாலு மணித்தியாலம் சேற்றில் ஏறி, பார்த்தது ஒரே ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் நிற்க விடமாட்டார்களாம். இந்தக் காட்டுக் கொரில்லாக்கள் பழத்துக்காக மரம் ஏறுமாம். எரிமலையில் இருப்பவற்றுக்கு, அங்கே குளிர் கூட என்பதால், மயிர் நீளமாம்.

“மணம் எப்படி?” என்றேன். என் மனதில் நின்ற கேள்வி அதுதான்.

“வியர்த்த மனிதர் மாதிரி,” என்றார். “ஒரு பெரிய ஆண் என்னைப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடத் தொடங்கிவிட்டது. நான் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.” சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை சந்தோசம்.

படங்கள் கழுவி வந்ததும் சயீர்க்காரியும் வந்தாள். கொரில்லாப் படங்களை மளமளவென்று தள்ளிக்கொண்டு போனாள். தூரத்து எரிமலைகளும் பனிப்புகாரும் மட்டும் விழுந்திருந்த ஒரு படத்தில் கை நின்றது.

“இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள்.