சந்தன நிறப் பாவும் மஞ்சள் இல்லாத கறிப்பொடியும்

1998 ஜூலை 11, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். ஆறு மணிக்கு என் கணவர் தறியில் இறங்கினார். இட்லி, சட்னி வேலை எட்டு மணிக்குள் முடிந்தது. மற்ற சனிக்கிழமைகளில் அடுத்த வேலை துணி துவைப்பது. அன்று கறிப்பொடி.

மகள் வேலூரில் நர்ஸ் படிப்பு, முதல் வருடம். விடுமுறைக்கு வந்தவள் ஞாயிறு காலை திரும்ப வேண்டும். விடுதிச் சாப்பாடு இறங்காமல், வளையல் முழங்கைவரை ஏறும் அளவுக்கு இளைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை பருப்பு புடைத்துக்கொண்டிருந்த என்னிடம், "நான் திரும்பிப் போவலமா" என்றாள். வீட்டுப் பொடி இருந்தால் சோற்றில் பிசைந்தாவது சாப்பிடுவாள் என்று நினைத்தேன். கடைப் பாக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டாளாம்.

"அதுல மஞ்ச கலர்தாம்மா இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

ஆனால் எங்களுக்கு மஞ்சள்தான் சிக்கல். தறியில் சந்தன நிறப் பாவு, நீளவாட்டில் கட்டும் பட்டு இழை, ஏற்றியிருந்தோம். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை. வெளிர் நிறப் பாவு தறியில் இருக்கும்வரை எங்கள் வீட்டில் மஞ்சள் வறுப்பதில்லை, அரைப்பதில்லை. குழம்புக்குப் போடுவதைக்கூடக் கரண்டியால்தான் எடுப்பேன். தூள் பறந்து பட்டில் உட்கார்ந்தால் போகாது.

"மஞ்ச இல்லாம பண்ணு" என்றார் அவர், தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மஞ்ச இல்லாத கறிப்பொடியா? சாம்பல் மாதிரி இருக்கும்பா" என்றாள் மகள்.

தன் வீட்டு மரத்திலிருந்து ஒரு முறம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுவிட்டார். "நல்லதாப் போச்சு வுடு. ஆஸ்பத்திரில உக்காந்துக்கினு மஞ்ச மஞ்சளா துன்னா, காமாலைன்னு உன்னையே பெட்ல போட்டுடுவாங்க."

மகள் சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

இலையை உருவிக் கழுவினோம். வெளியே தூறல். கூடத்தில் ஃபேனுக்கு அடியில் ஒரு துணி விரித்து உலர்த்த மகளிடம் சொல்லிவிட்டு, நான் தனியா, மிளகு, சீரகம், துவரம்பருப்பு, கொஞ்சம் வெந்தயம் என்று ஒவ்வொன்றாக வறுத்தேன். மிளகாயைக் குறைத்துக்கொண்டேன், நெடியில் அவர் இருமினால் கை நிலைக்காது. மஞ்சள் இல்லாத குறைக்குக் கறிவேப்பிலையை இரண்டு பங்காகப் போட்டேன். மிக்ஸியில் அரைத்தபோது பொடி சாம்பல் பச்சையாக வந்தது. மத்தியானம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டவள், தட்டை மறுபடி நீட்டினாள்.

"கலர் கேவலமா இருக்குது. ஆனா நல்லா இருக்குதுமா."

வேலூருக்குத் திரும்புவாளா என்று கேட்காமலே அவள் பையைக் கட்டி வைத்தேன்.

சாயங்காலம் அவர் தறியை நிறுத்திவிட்டு, நெய்த பகுதியை மூடும் வெள்ளைத் துணியைத் தேடினார். பகலில் அது கொடியில் தொங்கும். மகள் அதைத்தான் எடுத்து இலையைப் பரப்பியிருக்கிறாள். ஈரமாக, பச்சைக் கறையோடு கூடத்தில் கிடந்தது.

"இன்னாமா இது? மஞ்சளுக்குக் காவல் காத்தா பச்சை வந்து நிக்குது. ராத்திரி தறிய எதால மூடறது? பல்லி கில்லி வுழுந்தா?"

"தெரியாம எடுத்துட்டம்பா."

அவள் போய்த் தன் பையைப் பிரித்தாள். அடியில் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சீருடைப் புடவையை எடுத்துவந்து தறிமேல் போர்த்தினாள். பையிலிருந்து சீருடையே வெளியே வந்துவிட்டதே, இனி எங்கே போகப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

அவர் ஓரங்களை நீவிவிட்டார். "துவச்சதுதான?"

"ஆமாம்பா. காலையில மடிப்பு கலையாம எடு. திங்கக்கெழம நான் கட்டணும்."

மறுநாள் காலை, நான் வாசல் தெளிக்கப் போகும் முன்பே அவர் எழுந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்தப் புடவையை எடுத்து மடிப்புப் பிசகாமல் மடித்து அவள் பையில் வைத்தார்.