பக்கத்து சீட்காரரின் கிளாஸ்

சான் ஹோசேக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டம். அதைச் சுற்றிக் காட்ட ஒரு குட்டி ரயில் ஓடியது. ஏறும்போதே ஆளுக்கொரு கிளாஸ் கொடுப்பார்கள். வேண்டியவர்களுக்கு ஒயின், வேண்டாதவர்களுக்குத் திராட்சை ஜூஸ். ஃப்ரீவேயில் டிரைவ் பண்ணித் திரும்ப வேண்டுமே என்று நான் ஜூஸ் வாங்கிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவரும் ஜூஸ்தான். நெற்றியில் விபூதிக் கீற்று, காலில் பளீரென்று புது ஷூ. எதிர் சீட்டில் கேமராவோடு அவர் மனைவி.

அந்தம்மா கேமராவைத் தூக்கும்போதெல்லாம் இவர் தன் கிளாஸை என் கையில் திணித்துவிடுவார். கிளிக் ஆனதும் திரும்ப வாங்கி ஒரு வாய் குடிப்பார். மூன்றாவது தடவை எனக்குச் சுருக்கென்று வந்தது.

"ஜூஸ்தானே சார், கையில வச்சுக்கிட்டா என்ன?"

"ஜூஸ்னு போட்டோவுல தெரியாதுங்க. பிரிண்ட் போட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பணும். எங்கப்பா தெருவுக்கே காட்டுவாருங்க."

நியாயம்தான். அதற்குமேல் அவர் கேட்காமலே நான் கையை நீட்டினேன். இளவெயில், இரண்டு பக்கமும் கொடிகள். "நீங்களும் சிரிங்கண்ணா" என்றார் அந்தம்மா. சிரித்தேன்.

இறங்கும்போது, "உங்களாலதாங்க நிம்மதியா சுத்திப் பார்த்தேன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு தெருவுக்கே என்னைத் தெரியும்: அந்த நல்ல மனிதர் பக்கத்தில், கைக்கொரு கிளாஸோடு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் குடிகாரன்.