ஒற்றைக் கம்மல்

பெரம்பலூரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தபோது, காசு முழுங்கிய பிள்ளைகள் எனக்கு அத்துப்படி. ஒரு படம், அதில் வெள்ளையாக ஒரு வட்டம். "வயித்துக்குப் போயிடுச்சு, வாழைப்பழம் குடுங்க, வந்துடும்." டாக்டர் வர நேரமானால் நானே சொல்லி அனுப்பிவிடுவேன். பாதி டாக்டர் என்ற நினைப்பு.

லெப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு அம்மா நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கம்மல் ஒண்ணை முழுங்கிடுச்சுங்க சார்." பிள்ளையின் காதில் துளையே இல்லை. கேட்டேன்.

"அவங்க அத்தா துபாய்ல இருக்காங்க. லீவுல வந்தாத்தான் காது குத்தணும். அதுவரைக்கும் போட்டுக்கட்டும்னு காந்தக் கம்மல் அனுப்புனாங்க."

நேராக ஒரே ஒரு படம் எடுத்தேன். ஒரே புள்ளி. வாழைப்பழம் சொல்லி அனுப்பிவிட்டேன். துளையில்லாத காதில் கம்மல் எப்படி நிற்கும் என்று யோசிக்கவில்லை. முன்னால் ஒரு காந்தம், பின்னால் ஒரு காந்தம், நடுவே காது மடல். ஒரு கம்மல் என்றாலே இரண்டு காந்தம்.

மூன்றாம் நாள் பச்சைப் பச்சையாக வாந்தி என்று அந்த அம்மா பிள்ளையைத் திரும்பத் தூக்கி வந்தார். வயிறு கல்லாக இருந்தது. டாக்டர் பக்கவாட்டிலும் எடுக்கச் சொன்னார். நேர்ப் படத்தில் புள்ளி நகரவே இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு, நடுவே மெல்லிய இடைவெளி. காது மடலைப் பிடிப்பதுபோலக் குடலைக் கவ்வியிருந்தன.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: "காசுன்னா காத்திருக்கலாம். ரெண்டு காந்தம்னா அன்னிக்கே எடுத்திருக்கணும். நடுவுல மாட்டுன குடல் ஓட்டையாயிடும்."

உடனே திருச்சிக்கு அனுப்பினோம். அங்கே குடலில் ஒரு சாண் வெட்டித் தைத்தார்கள். பிள்ளை பிழைத்தது என்று தகவல் வரும்வரை அங்கே போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பயம் பாதி, வெட்கம் பாதி. அதன்பிறகு எந்தப் பிள்ளை எதை முழுங்கி வந்தாலும் இரண்டு பக்கமும் எடுத்தேன், வாழைப்பழத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து லீவில் வந்த அத்தா, மகளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "நான் அனுப்புனதாலதானே சார் புள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று கண் கலங்கினார். உங்கள் தப்பு இல்லை என்றேன்.

"பக்கவாட்டுல எடுத்துக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே" என்று என் கையில் ஒரு பேரீச்சம்பழப் பாக்கெட்டை வைத்தார்.

வாங்கிக்கொண்டேன்.