அண்ணன் ஆடிய பெயர்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எல்லோருக்கும் ஒரே வணக்கத்தைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு விதமாக அச்சடித்துத் தர முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகையால் பொதுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் குரும்பகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு நெல் சாகுபடி. பிள்ளைகள் அண்ணனும் நானும்தான். தலத்தெருவில் அத்தை வீட்டில் தங்கி அண்ணன் காரைக்காலில் படித்தபோது கால்பந்து அவரைப் பிடித்துக்கொண்டது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் முறை எழுதித் தேறினார். அதற்குள் வெளியூர் கிளப்புகள் அவரைத் தேடி வர ஆரம்பித்துவிட்டன.

அண்ணன் ஆடியது பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையும் ஆளையும் தடுக்கிற வேலை. கோல் போட்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார்கள். கோல் விழாமல் காத்தவர் வீங்கிய முழங்காலோடு கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேருவார். "பந்து உதைக்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே கேட்டவர்கள் இப்போது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை. உங்களுக்கே தெரியும்.

எழுபதுகளில் காரைக்கால், நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுச்சேரி என்று அண்ணனைக் கூப்பிடாத கிளப் இல்லை. வைத்துக்கொண்ட கிளப்பும் இல்லை. சீசன் தொடங்கும்போதே ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பதிந்துவிடுவார்கள். நடுவில் வருகிறவர் ஆடக் கூடாது. அதற்கு எல்லாக் கிளப்புகளும் ஒரே வழியைத்தான் வைத்திருந்தன. பதிந்தவர்களில் ஆட்டத்துக்கு உதவாத ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அவர் பெயரில் அண்ணனை இறக்குவார்கள். பஸ் கட்டணமும் பிரியாணியும் கையில் ஏதோ கொஞ்சமும் அண்ணனுக்கு. கோப்பையும் பெயரும் அவர்களுக்கு.

தஞ்சாவூரில் அண்ணன் சம்சுதீன். நாகப்பட்டினத்தில் அந்தோணிசாமி. அந்த நாகப்பட்டினம் கிளப் ஒரு முறை காரைக்காலுக்கு ஆட வந்தபோது அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. மைக்கில் அந்தோணிசாமி, அந்தோணிசாமி என்று ஆட்டம் முழுக்கப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். "யாரு பெத்த புள்ளயோ, நல்லா ஆடுது. நம்ம புள்ளய எப்படி எறக்குவாங்க?" என்றார் அம்மா.

காரைக்கால் கிளப் ஒன்றுக்கு மட்டும் அண்ணன் மூன்று சீசன் தொடர்ந்து ஆடினார். அங்கேயும் பெயர்ப் பதிவு முடிந்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார்கள். அங்கே அவர் ராஜமாணிக்கம். உண்மையான ராஜமாணிக்கம் அண்ணனோடு படித்தவர். பந்து நெஞ்சுக்கு நேரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அண்ணன் உள்ளே ஆட, அவர் வெளியே மரத்தடியில் எல்லோருடைய செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் இருப்பார். மூன்றாம் சீசனில் கிளப் கோப்பையை வென்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் அரசுத் துறையில் விளையாட்டுக்காரர்களுக்கு நிரந்தர வேலை தருவதாக அறிவித்தார்கள். அண்ணனுக்கு வயது வரம்பு தாண்டப் போகிற நேரம். விட்டால் அடுத்தது கிடையாது. நான்தான் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தேன். ஒரே கிளப்பில் மூன்று சீசன் ஆடியதற்குச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அண்ணனை இழுத்துக்கொண்டு கிளப் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"ஆள் மாத்தி ஆடுனோம்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்மா. கப்பைப் புடுங்கிடுவாங்க" என்றார் அவர்.

"கப்பை வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப்போறீங்க? எங்க அண்ணன் பொழப்பே இதுலதான் இருக்கு. அவரு பேருல ஒரு வரி எழுதுங்க."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

அண்ணன் ஒரு வார்த்தை பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டென்று எழுந்துகொண்டார். "விடு பாப்பா. எல்லாரும் சேந்து ஜெயிச்ச கப்பு. வா, போவோம்."

அன்றும் அவர் பேக்தான் ஆடினார். எதிரே வந்தது நான். நல்லபடியாகத் தடுத்துவிட்டார்.

அந்த வேலை ராஜமாணிக்கத்துக்குக் கிடைத்தது. மூன்று சீசனும் அவர் பெயரில் பதிந்திருந்ததால், எந்தச் சங்கடமும் இல்லாமல் செயலாளர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ராஜமாணிக்கம் வீட்டில் விருந்து வைத்தார்கள். அண்ணன் போய், வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு மாதம் அண்ணனோடு நான் பேசவில்லை. அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. இறந்துவிட்டார் என்பதற்காக அது போய்விடாது.

பிறகு முழங்கால் போயிற்று. கூப்பிட்ட கிளப்புகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின. அண்ணன் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்த முழங்காலோடு மாடிக்கு வெந்நீர் வாளி தூக்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரைப் பற்றியும் ஒரு குறை சொன்னதில்லை. அவர் நற்குணங்களைப் பற்றி எழுதச் சொன்னீர்கள் அல்லவா? இதுதான் அவருடைய நற்குணம். இதுதான் அவரைக் கெடுத்தது.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்து படுத்தார். ராஜமாணிக்கம் தினமும் அலுவலகம் விட்டதும் வந்து பக்கத்தில் உட்காருவார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு நினைவு தடுமாறிய அன்று, ராஜமாணிக்கமே ஒரு காரைப் பிடித்து வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் காலை நான் போனபோது அண்ணன் தனி அறையில் இருந்தார். நர்ஸ் வந்து, "ராஜமாணிக்கம், கையை நீட்டுங்க" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பேர்ல சேத்துட்டேன் தங்கச்சி. கவர்மென்ட் ஆளுன்னா தனி ரூமு, பெரிய டாக்டரே பாப்பாரு."

அண்ணன் மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்து சிரித்தார். "கடைசி ஆட்டத்தையும் இவன் பேர்லயே ஆடிடுறேன் பாப்பா."

நான்காம் நாள் ஆட்டம் முடிந்தது.

உடலை வாங்கக் கீழே போனோம். காகிதத்தில் இறந்தவர் பெயர் ராஜமாணிக்கம் என்று இருந்தது. அங்கிருந்த எழுத்தர் எங்களைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். "நான்தாங்க ராஜமாணிக்கம்" என்றார் இவர். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

"நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இல்லன்னா இந்தப் பேர்லதான் எல்லாம் போவும்" என்றார் எழுத்தர்.

ராஜமாணிக்கம் என்னைத் தனியே அழைத்தார். "எழுதுனா என் வேலை போயிடும் தங்கச்சி. ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"போவட்டும். எழுதுங்க" என்றேன். இதை நான் சொன்னேன். மறைக்கவில்லை.

அவர் அண்ணனைக் கிடத்தியிருந்த அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி எழுதினார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைச் சுமந்த நான்கு பேருக்கும், லாட்ஜைப் பூட்டிவிட்டு ஆட்களோடு வந்து நின்ற அதன் உரிமையாளருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிளப் செயலாளர், "எங்கள் அணியின் தூண் சாய்ந்தது" என்று இரங்கற்செய்தி அனுப்பியிருந்தார். எந்தப் பெயரில் நின்ற தூண் என்று கேட்டுக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆகவே அது இம்மலரில் இல்லை.

ராஜமாணிக்கம் அவர்களுக்கும் நன்றி. அந்தக் காகிதம் அவர் அலுவலகம் வரை போகவில்லை, வேலையும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை இம்மலரில் போடுங்கள் என்று நகலைக் கொண்டுவந்து தந்தவரும் அவரே. என்ன ஆனாலும் ஆகட்டும் என்றார். வாங்கிக்கொண்டு காபி கொடுத்தேன். அவர் எழுதியது இது:

"ராஜமாணிக்கம் என்ற பெயரில் இருந்தவர் நான் அல்ல. அவர் குரும்பகரம் கோ. கலியமூர்த்தி. என் பெயரை அவருக்குப் போட்டது நாங்கள்தான்."

அன்று செயலாளர் வீட்டில் அண்ணன் பெயரில் ஒரு வரி என்று நான் கேட்டது இதைத்தான்.