மகளுக்கு இடம் இல்லாமல் போன தை மாதம்

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத்தான் நாங்கள் களக்காட்டை விட்டுத் திருநெல்வேலிக்குக் குடிவந்தோம். யாராவது கேட்டால் என் கணவர் வேறு காரணம் சொல்வார். அவர் டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். தனியாகத் தங்கிக் கிளப்புக்கடைச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டுப்போயிற்று என்பார். அதுவும் பொய்யில்லை. ஆனால் களக்காட்டில் எங்கள் தெருப் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. டவுனில் ரதவீதிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. கார்த்திகை மாதமே என் கணவர் அங்கே போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். "தை மாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள், இடம் இருக்கிறது" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மார்கழி பிறக்குமுன் அம்மி முதல் பசு வரை எல்லாவற்றையும் கூட்டுக் குடும்பத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலையை இறுக்கிப் பின்னி, பட்டுப் பாவாடை கட்டி அனுப்பினேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே போனாள். நான் அடுப்பில் போட்ட பருப்பு வேகுமுன் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

"இடம் இல்லையாம்," என்றார்.

"இருக்குன்னுதான முன்னால சொன்னாக?"

"சொன்னாகதான். இப்ப இல்லைங்காக."

"ஏன்னு கேட்டியளா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இல்லைன்னா இல்லைதான். அதுல ஏன் என்ன கிடக்கு?"

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றும். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அத்தனையும் உண்மை போலவே இருந்தன. அம்மை குத்தாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள் என்றார் வக்கீல் வீட்டு இன்னொரு குமாஸ்தா. மகளின் தோளில் தழும்பு நன்றாகவே இருந்தது. மறுநாள் என் கணவர் அவளைக் கூட்டிப் போய், சட்டைக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வந்தார். இடம் இல்லை. பட்டும் நகையும் போட்டு வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிடிக்காது என்றாள் எதிர்வீட்டுக்காரி. சங்கிலியைக் கழற்றி, சீட்டிப் பாவாடை கட்டி அனுப்பினேன். இடம் இல்லை. வயதைத் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள் என்றார் வக்கீல். எங்கள் வழக்கப்படி அவளுக்கு ஏழு நடப்பு. முடிந்தது ஆறுதான். எந்த வயதைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் கணவருக்கு நினைவில்லை. "ஏழுன்னுதான் சொல்லியிருப்பேன். இல்ல, ஆறுன்னு சொன்னேனோ?" என்றார்.

பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய், பள்ளிக்கூடத்தின் மேலாளரையும் பார்த்தார். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகப் பேசினாராம். பிள்ளைகளைச் சேர்ப்பது தலைமை ஆசிரியையின் பொறுப்பு, அதில் தான் தலையிடுவதில்லை என்றாராம். பாளையங்கோட்டையிலேயே வேறொரு பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தது. ஆனால் அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தினமும் ஆற்றுக்கு அக்கரை யார் கூட்டிப்போவது?

ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நான் அங்கன தும்மிட்டேன். அதுனாலயா?"

"ஏட்டி, எப்ப தும்மின?"

"அன்னைக்கு. அப்பா பேசிக்கிட்டு இருக்கும்போது."

அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, ஒருவேளை இருக்குமோ என்று நானே யோசித்தேன். அந்த அளவுக்குக் குழம்பிப் போயிருந்தேன்.

அந்தச் சமயத்தில் என் கணவரின் அண்ணன் களக்காட்டிலிருந்து வந்தார். வண்டியில் அரிசி மூட்டையும் வாழைத்தாரும் கொண்டுவந்திருந்தார். நாங்கள் குடிவந்ததிலிருந்து அப்படி வந்து போவது அவருக்கு வழக்கம். அவருக்குக் குழந்தை இல்லை. அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். என் மகளுக்கு நான் சோறு ஊட்டியதைவிட மைனி ஊட்டியதுதான் அதிகம். நடந்ததையெல்லாம் என் கணவர் சொல்ல, அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போவுது போ. இடம் இல்லைன்னா என்ன, ஊர்ல வீடு இல்லையா? வந்துருங்க. நீ பழையபடி சனிக்கிழமை வந்துட்டுப் போ," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை. என் கணவரும் தலையாட்டினார். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன். பாதியிலே கை நின்றுவிட்டது. என்ன காரணம் என்றே தெரியாமல் எப்படித் திரும்பிப் போவது? ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? மகளைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு நானே கிளம்பினேன். ரதவீதியில் நான் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை.

தலைமை ஆசிரியை ஒல்லியாக, வெள்ளைச் சேலை கட்டி இருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"இடம் கேட்டு வரல டீச்சரம்மா. ஏன் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. எம்பிள்ளைகிட்ட என்ன குறை?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பிள்ளைகிட்ட என்னம்மா குறை? நீங்கதான வேண்டாம்னு சொல்லிவிட்டிய?"

"நாங்களா?"

"மார்கழி கடைசியில ஒரு பெரியவர் வந்தாக. பிள்ளைக்குப் பெரியப்பான்னாக. குடும்பம் ஊருக்கே திரும்புது, பிள்ளை வராதுன்னு சொன்னாக. நான் ரெண்டாவது தடவையும் கேட்டேன். நிச்சயம்னாக. அந்த இடத்துல வேற பிள்ளையச் சேர்த்துட்டேன். பொறவு உங்க வீட்டுக்காரர் வந்து இடம் இருக்கான்னு நிக்காக. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேச்சுன்னா, நடுவுல நான் எதுக்குப் பேச? அவரும் ஏன்னு கேக்கல. இடம் இல்லைன்னேன். உள்ளதத்தான் சொன்னேன்."

விறுவிறுவென்று வீடு வந்து சேர்ந்தேன். முற்றத்தில் அண்ணன் உட்கார்ந்து, வாழைப்பழத்தை உரித்து என் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் அவரிடம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நேரே போய் முன்னால் நின்றேன்.

"அத்தான், பள்ளிக்கூடத்துக்குப் போனியளா?"

அவர் மறைக்கவில்லை. பழத்தோலைக் கீழே வைத்தார். "போனேன்."

"ஏன்?"

பிள்ளையின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க மைனி சாயங்காலமானா வாசல்ல நின்னு இவளைச் சாப்பிடக் கூப்பிடுதா. கூப்பிட்டுட்டு, நெனப்பு வந்து பேசாம உள்ள போயிடுதா. என்னால பார்க்க முடியல. இடம் இல்லைன்னா நீங்க வந்துருவியன்னு நெனச்சேன்."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். கோபம் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மாலையில் என் கணவர் வந்ததும் சொன்னேன். "அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாக" என்றார். "செஞ்சேன்லே" என்றார் அண்ணன். என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனே சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாலே, போவோம்," என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தான் சொன்னது பொய் என்று தலைமை ஆசிரியையிடம் நின்று சொன்னார். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. ஆனால் சேர்த்த பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது என்றார். யாராவது படிப்பை விட்டு நின்றால் முதல் இடம் எங்களுக்கு, யாரும் நிற்காவிட்டால் அடுத்த தை. அதுவரை எழுத்துகளை வீட்டிலேயே பழக்கி வைக்கச் சொன்னார்.

அதன் பிறகு நான் செய்தது எனக்கே புரியாத காரியம். அண்ணன் வண்டி பூட்டும்போது, மகளின் துணிகளை ஒரு பையில் போட்டு வண்டியில் வைத்தேன்.

"இடம் கிடைக்கிற வரைக்கும் மைனிகிட்ட இருக்கட்டும். கூப்பிட்டதும் கொண்டாந்து விட்டுரணும்," என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்து, "ஏளா, ஒனக்குப் பைத்தியமா?" என்றார். அண்ணன் பிள்ளையைத் தூக்கி முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, மாட்டைப் பைய ஓட்டினார்.

இப்படியாக, மகளைப் படிக்கவைக்க ஊர்விட்டு வந்த நாங்கள் டவுனில் இருந்தோம். மகள் களக்காட்டில் இருந்தாள். எதிர்வீட்டுக்காரி கேட்டால் என்னால் விளக்க முடியவில்லை. மாலையில் நானும் அவளைச் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். மைனி மேல் இரக்கப்பட்டு அனுப்பினேனா, இல்லை அண்ணன் வாக்குத் தவறுகிறாரா பார்ப்போம் என்று அனுப்பினேனா? இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஆனித் தேரோட்டம் முடிந்த பிறகு, தகப்பனாருக்கு வேலை மாற்றலாகி ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிற்று. தலைமை ஆசிரியை ஆள் அனுப்பினார். களக்காட்டுக்குத் தகவல் போன மூன்றாம் நாள் வண்டி வந்து நின்றது. மகளோடு மைனியும் வந்திருந்தார். மகளுக்கு அதற்குள் 'அ' முதல் 'ஔ' வரை மணலில் எழுத வந்திருந்தது. யார் பழக்கினார்கள் என்று கேட்டேன். "பெரியப்பா" என்றாள்.

பள்ளிக்கூடத்து வாசல் வரை மைனியும் நானும் அவளைக் கொண்டுபோய் விட்டோம். எங்கள் இருவர் கையையும் உதறிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும் வழியில், அவர் வீட்டுக்காரர் மார்கழியில் செய்தது மைனிக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "பிள்ளை மத்தியானம் சாப்பிட வருவாளா, இல்ல அங்கனயே இருப்பாளா?" என்று அவர் கேட்டார்.

"வருவா மைனி," என்றேன். இருவரும் கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.